குறிப்புரை வேண்டாம் என்பாருக்கு ஒரு மறுப்புரை



சென்ற மாதம் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. படிநிலை இரண்டு மாணவர்களுக்குச் சனிக்கிழமைகளில் நிரலாக்க வகுப்பு ஒன்றை நடத்தி வருகிறோம். அவ்வகுப்பில் ஒரு விதி உண்டு. நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் அருகில், அஃது எதற்காக எழுதப்பட்டது என்பதனை மாணவர் தம் சொந்தத் தமிழில் ஒரு குறிப்புரையாக எழுதவேண்டும். நிரல் ஓடினால் பாதி மதிப்பெண். குறிப்புரை தெளிவாக இருந்தால் மறுபாதி.

இந்த விதியைத்தான் ஒரு தந்தையார் எதிர்த்தார். அவர் மென்பொருள் பொறியாளர். விடியற்காலையில் எழுந்து, ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று வருபவர். பள்ளிக்குப் பல உதவிகள் செய்தவர். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. அவர் எழுப்பிய தடைகள் மூன்று.

ஒன்று: நல்ல நிரலுக்குக் குறிப்புரை தேவையில்லை, நிரலே பேசும்.

இரண்டு: நிரல் மாறும், குறிப்புரை மாறாது, ஆகவே நாளடைவில் குறிப்புரை பொய்யாகிவிடும்.

மூன்று: அப்படியே எழுதினாலும் அதைத் தமிழில் எழுதுவது வீண், ஆழமான கணினிச் செய்திகளைத் தமிழில் சொல்ல இயலாது.

மூன்றாவதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்டார். "பூனை நகர்கிற விளையாட்டுக்கெல்லாம் தமிழில் எழுதலாம் சார். கெர்னலில் நினைவகப் பிழையை எப்படிக் கையாளுகிறார்கள் என்று தமிழில் ஒரு பத்தி எழுதிக் காட்டுங்கள், பார்ப்போம்." கூட்டத்தில் சிலர் சிரித்தனர். நானும் சிரித்து வைத்தேன். காரணம், அன்று எனக்கு விடை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு என்னை உறுத்தியது. என்னிடம் படித்து இன்று பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயிலும் ஒரு மாணவியை அழைத்தேன். மூன்று வார இறுதிகள் அவள் ஆசிரியை, நான் மாணவன். லினக்ஸ் கெர்னலின் மூல நிரல் உலகிலுள்ள எவரும் திறந்து படிக்கக்கூடியது. அதை இருவரும் அமர்ந்து படித்தோம். அதன் விளைவே இம்மறுப்புரை. முதலில் மூன்றாவது தடைக்கு ஒரு பகுதி விடை. அவர் கேட்ட பத்தி இதோ.

கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலும் நினைவகம் முழுதும் தனக்கே உரியது என்று எண்ணிக்கொண்டு ஓடுகிறது. உண்மையில் நினைவகம் சிறு சிறு பக்கங்களாகப் பகுக்கப்பட்டுப் பலருக்கும் பங்கிடப்படுகிறது. நம் மேசைகளில் உள்ள பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் என்பது 4,096 பைட்டு. எந்த நிரலின் எந்தப் பக்கம் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஓர் அட்டவணை உண்டு. நிரல் ஒரு முகவரியைத் தொடும்போது, அட்டவணையில் அந்தப் பக்கத்துக்கு இடம் குறிக்கப்படவில்லை என்றாலோ, தொடும் விதத்துக்கு அனுமதி இல்லை என்றாலோ, மையச் செயலகம் அந்த நிரலை அங்கேயே நிறுத்திவிட்டு, இயங்குதளத்தின் நடுப்பகுதியாகிய கெர்னலை அழைக்கிறது. இவ்வழைப்பின் பெயர்தான் பக்கப் பிழை. கெர்னல் வந்து விசாரிக்கிறது. தீர்க்கக்கூடியதாயின் தீர்த்து, நிறுத்திய அதே கட்டளையிலிருந்து நிரலை மீண்டும் ஓடவிடுகிறது. தான் நிறுத்தப்பட்டதே அந்த நிரலுக்குத் தெரியாது. தீர்க்க முடியாததாயின் நிரலை வெளியேற்றுகிறது.

ஐயா, இது தமிழ்தான். இப்பத்தியை எழுத எனக்கு எந்தப் புதுச்சொல்லும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது விளங்கிக்கொள்வதற்கான மூன்று வார இறுதிகள்.

இனி, பெற்றோர்களுக்கு இதை இன்னும் எளிமையாகச் சொல்கிறேன். நம் பள்ளி நூல்நிலையத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு மாணவன் ஒரு நூலைக் கேட்கிறான். அலமாரியில் அது இல்லை. நூல்நிலையப் பொறுப்பாசிரியர் உடனே அவனைத் திட்டுவாரா? மாட்டார். பட்டியலைப் பார்ப்பார். நூல் பின்னறைப் பெட்டியில் இருந்தால் எடுத்து வந்து கொடுப்பார். இதில் யாருடைய குற்றமும் இல்லை. வேறொரு மாணவன் இருவர் பகிர்ந்து படிக்கும் பாடநூலில் எழுத முனைகிறான். "இதில் எழுதாதே, உனக்குத் தனிப்படி தருகிறேன்" என்று ஒரு படியெடுத்துக் கொடுப்பார். மூன்றாமவன் தலைமையாசிரியரின் பூட்டிய அலமாரியைத் திறக்கப் பார்க்கிறான். இவனைத்தான் வெளியே அனுப்ப வேண்டும்.

கெர்னல் செய்வதும் இதுவே. வன்தட்டில் உள்ள பக்கத்தை எடுத்து வருவது முதல்வகை. பகிர்ந்த பக்கத்தில் எழுத முனைவோருக்குத் தனிப்படி தருவது இரண்டாம் வகை. எழுதும்போது படியெடுத்தல் என்பர். உரிமையில்லாத இடத்தைத் தொட்டவனை வெளியேற்றுவது மூன்றாம் வகை. மூன்றுக்கும் கணினி வைத்திருக்கும் பெயர் ஒன்றே: பிழை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலும் இத்தகைய 'பிழைகள்' நொடிதோறும் நிகழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை குற்றம் அல்ல, நியாயமான வேண்டுகோள்கள்.

நான் குறிப்புரையைப் பற்றிப் பேசத் தொடங்கும் இடம் இதுதான். பெயரே மயக்கம் தரும்போது விளக்கம் வேண்டாமா? எக்ஸ்86 வகைச் செயலகத்தில், பக்கப் பிழை நிகழும்போது தொட்ட முகவரி சி.ஆர்.2 என்னும் பதிவகத்தில் வைக்கப்படுகிறது. கூடவே ஒரு பிழைக்குறி எண்ணும் தரப்படுகிறது. அந்த எண்ணைப் பார்த்தால் அது வெறும் எண். லினக்ஸ் நிரலில் அதற்கருகில் சின்னஞ்சிறு அட்டவணையாக ஒரு குறிப்புரை உள்ளது. முதல் பிட் 0 என்றால் பக்கம் இல்லை, 1 என்றால் அனுமதி மீறல். அடுத்த பிட் 0 என்றால் படிக்க வந்தது, 1 என்றால் எழுத வந்தது. அதற்கடுத்தது 0 என்றால் தொட்டது கெர்னல், 1 என்றால் பயனரின் நிரல். உலகின் தலைசிறந்த நிரலாளர்கள் எழுதிய நிரலிலேயே இந்த விளக்கம் இருக்கிறது. "இதுகூடத் தெரியாதா?" என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை.

இப்பொழுது முதல் தடைக்கு வருகிறேன். நல்ல நிரல் தானே பேசுமாம். பேசும், மறுக்கவில்லை. ஆனால் தான் என்ன செய்கிறது என்பதைத்தான் அது பேசும். ஏன் அப்படிச் செய்கிறது, வேறு வழியிருந்தும் அதை ஏன் விட்டது என்பதை அது பேசாது.

ஒரு சான்று தருகிறேன். பக்கப் பிழை நிகழ்ந்ததும், எந்தெந்த முகவரிப் பகுதி அந்த நிரலுக்கு உரியது என்னும் பட்டியலைக் கெர்னல் பார்க்கவேண்டும். பட்டியலைப் பார்க்கும்போது வேறு எவரும் அதை மாற்றிவிடாதிருக்க ஒரு பூட்டு உண்டு. பூட்டு வேறொருவர் கையில் இருந்தால் காத்திருப்பதே இயல்பு. ஆனால் லினக்ஸ் நிரல் உடனே காத்திருப்பதில்லை. முதலில் முயன்று பார்க்கிறது. கிடைக்கவில்லை, பிழையும் கெர்னலுக்குள்ளேயே நிகழ்ந்தது என்றால், தனியே ஒரு பட்டியலைப் புரட்டுகிறது. அதன் பிறகே காத்திருக்கிறது. நிரலை மட்டும் படிப்பவர், "எதற்கு இந்தச் சுற்றுவழி? நேரே காத்திருக்கலாமே" என்று எண்ணி அவ்வரிகளை நீக்கிவிடக்கூடும்.

அந்த வரிகளின் மேலே நெடுங்காலம் ஒரு குறிப்புரை இருந்தது. அதன் கருத்தை என் சொற்களில் தருகிறேன். கெர்னல் தானே பயனரின் நினைவகத்தைத் தொடும் இடங்கள் முன்கூட்டியே ஒரு பட்டியலில் குறிக்கப்பட்டவை. அப்பட்டியலில் இல்லாத இடத்தில் கெர்னலுக்குள் பிழை நிகழ்ந்தால் அது கெர்னலின் சொந்தக் கோளாறு. அந்நேரம் அந்தப் பூட்டைக் கெர்னலே கையில் வைத்திருக்கவும் கூடும். அப்படியாயின், தன் கையில் உள்ள சாவிக்காகத் தானே வாசலில் என்றென்றும் காத்துக் கிடக்க நேரும். கணினி ஒரு சொல்லும் சொல்லாமல் உறைந்துபோகும். அதைத் தவிர்க்கவே இந்தச் சுற்றுவழி.

இந்தக் காரணத்தை எந்த நிரல்வரி சொல்லும்? மாறிகளுக்கு எவ்வளவு அழகான பெயர் இட்டாலும் சொல்லாது. நிகழாமல் தடுக்கப்பட்ட ஒரு விபத்தை நிரலில் காண இயலாது. குறிப்புரையில் மட்டுமே காணலாம்.

இன்னொரு சான்று. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு டிசம்பரில், நினைவக நிரலின் தலைப்பகுதியில் நாட்குறிப்புப் போல எழுதி வைத்தார். டிசம்பர் 1-ஆம் நாள் ஒரு பணியைத் தொடங்கியதையும், அது எளிதாக முடிந்ததையும் எழுதினார். 18-ஆம் நாள், பக்கங்களை வன்தட்டுக்கு அனுப்பி மீட்டெடுக்கும் பணியைத் தொடங்கினார். இதற்கு மிகுந்த சிந்தனை தேவை என்று ஒப்புக்கொண்டார். 19-ஆம் நாள், ஓரளவு ஓடுகிறது, சில வேளைகளில் பிழை வருகிறது, காரணம் தெரியவில்லை என்று எழுதினார். அடுத்தே, கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வரிகளை எவரும் அழிக்கவில்லை.

ஆசிரியர்களே, இதை நம் மாணவர்களுக்குக் காட்டுங்கள். "காரணம் தெரியவில்லை" என்று எழுத அவர் வெட்கப்படவில்லை. நம் வகுப்பறையிலோ, கணக்கில் தவறிய பிள்ளை முதலில் செய்வது அழிப்பானைத் தேடுவது. விடை மட்டும் மிஞ்சுகிறது, வழி அழிந்துபோகிறது. நாமும் சரியான விடையைக் கண்டதும் சிவப்பு மையால் சரியிட்டு அடுத்த புத்தகத்தை எடுக்கிறோம்.

இரண்டாவது தடை: குறிப்புரை காலத்தில் பொய்யாகிவிடும் என்பது. இதில் உண்மை இருக்கிறது. நிரல் மாறியும் பழைய குறிப்புரை நின்றால், அது வழிதவறச் செய்யும் கைகாட்டி மரம். லினக்ஸ் கெர்னலின் எழுத்துநடை வழிகாட்டியே அளவுக்கு மீறிக் குறிப்புரை எழுதுவதை எச்சரிக்கிறது. நிரல் எப்படி இயங்குகிறது என்று வரிக்கு வரி விளக்காதே, என்ன செய்கிறது என்று சொல் என்பது அதன் அறிவுரை. இதை நானும் ஏற்கிறேன். 'எண்ணுடன் ஒன்றைக் கூட்டு' என்னும் வரிக்கு அருகில் 'எண்ணுடன் ஒன்றைக் கூட்டுகிறோம்' என்று எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.

ஆயினும், பொய்யாகக்கூடும் என்பதற்காக எழுதாதே என்பது என்ன நியாயம்? பாடநூலில் பழைய செய்தி இருந்தால் புதிய பதிப்பு அச்சிடுகிறோம், பாடநூலையே ஒழிப்பதில்லை. மேலே நான் சொன்ன பூட்டுக்கு 2020-இல் பெயர் மாற்றப்பட்டது. அப்போது அந்த மாற்றத்தைச் செய்தவர்கள் நிரல்வரிகளை மட்டும் மாற்றிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. கெர்னல் முழுதும் சிதறிக் கிடந்த குறிப்புரைகளில் உள்ள பழைய பெயரை மாற்றுவதற்கென்றே தனியாக ஒரு திருத்தம் அனுப்பினார்கள். அந்தத் திருத்தத்தால் கணினி ஒரு நொடிகூட விரைவாக ஓடவில்லை. படிக்கும் மனிதனுக்காக மட்டுமே செய்த வேலை அது. பொய்யாகும் குறிப்புரைக்கு மருந்து திருத்துவது, வாயை மூடுவதன்று.

திருத்தும்போது உண்மையைச் சொல்வதும் அதில் அடங்கும். 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் 'டர்ட்டி கவ்' என்னும் பாதுகாப்புக் குறை வெளியுலகுக்குத் தெரியவந்தது. நூல்நிலைய எடுத்துக்காட்டில் சொன்ன இரண்டாம் வகை நினைவிருக்கிறதா? தனிப்படி எடுத்து அதில் எழுதவேண்டிய இடத்தில், இரு வேலைகள் ஒன்றோடொன்று முந்தும் கணத்தைப் பயன்படுத்தி, பொது நூலிலேயே எழுதிவிட முடிந்தது. படிக்க மட்டுமே உரிமை உள்ள கோப்பை எவரும் மாற்றலாம் என்றால் விளைவை எண்ணிப் பாருங்கள். அதைச் சரிசெய்த டோர்வால்ட்ஸ், தம் திருத்தத்துடன் எழுதிய குறிப்பில், பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே தாம் இதைச் சரிசெய்ய முயன்றதையும், அதைச் சரிவரச் செய்யவில்லை என்பதையும், வேறொரு வகைக் கணினியில் சிக்கல் எழுந்ததால் அம்முயற்சி திரும்பப் பெறப்பட்டதையும் பதிந்தார். அடுத்து வருபவன் அதே குழியில் விழாதிருக்க இதைவிட நல்ல வழி உண்டா?

இதற்கு நேர்மாறான கதையும் கணினி வரலாற்றில் உண்டு. 1975-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், ஒரு வேலையிலிருந்து மறு வேலைக்குத் தாவும் சிக்கலான பகுதிக்கருகில், இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்புரை இருந்தது. உலகெங்கும் உள்ள மாணவர்கள் அதை ஆணவம் என்று எண்ணினர். யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவராகிய டென்னிஸ் ரிட்சி பின்னாளில் விளக்கம் தந்தார்: இது தேர்வில் வராது என்று ஆசிரியர் சொல்வதைப் போல எழுதியதாம் அது. அதனினும் மேலாக, அங்கே என்ன நடக்கிறது என்று தங்களுக்கே சரியாக விளங்கியிருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பெருமக்கள் பெருமக்களே. நாமோ, நமக்கு விளங்காததை "இது உனக்குத் தேவையில்லை" என்று மாணவன் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அந்த யூனிக்ஸுக்கு முழு உரை எழுதியவர் ஓர் ஆசிரியர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜான் லயன்ஸ், தம் மாணவர்களுக்காக மூல நிரலையும் அதற்கான உரையையும் 1977-இல் இரு தொகுதிகளாக்கினார். பின்னர் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூல நிரலை வகுப்பறையில் பாடமாக வைப்பதைத் தடுத்தது. மாணவர்கள் என்ன செய்தார்கள்? லயன்ஸின் உரையைப் படியெடுத்துப் படியெடுத்துக் கைமாற்றினர். அது முறையாக அச்சேறியது 1996-இல்தான். கற்பிக்க வழியில்லாமற் போனதால் நெதர்லாந்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1987-இல் மினிக்ஸ் என்னும் சிறு இயங்குதளத்தை மாணவர்களுக்காகவே எழுதினார். அதை வாங்கிப் படித்துப் பழகிய பின்லாந்து மாணவர்தாம் 1991-இல் லினக்ஸை எழுதினார். விளக்கம் கேட்ட மாணவர்களாலும் விளக்கம் தந்த ஆசிரியர்களாலும்தான் இந்தத் துறை வளர்ந்தது. "நிரலே பேசும்" என்று ஜான் லயன்ஸ் கைகட்டி இருந்திருந்தால்?

இனி மூன்றாவது தடையின் எஞ்சிய பகுதி. தமிழில் எழுதுவது வீண் என்பது.

உரை எழுதுவதைத் தமிழனுக்கு வேறு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தொல்காப்பிய மரபியல் உரையின் இலக்கணம் பேசுகிறது. நன்னூலார் காண்டிகையுரை, விருத்தியுரை என வகுத்துக் காட்டினார். இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் பரிமேலழகரும் இல்லையேல் இன்று நமக்குப் பாதி இலக்கியம் பூட்டிய பெட்டி. அவ்வுரைகளைக் கூர்ந்து படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். இன்னவாறு பொருள் கொள்வாரும் உளர் என்று பிறர் கருத்தையும் குறித்து, அது ஏன் பொருந்தாது என்றும் உரையாசிரியர்கள் எழுதுவார்கள். தேர்ந்த வழியோடு விட்ட வழியையும் பதிகிறார்கள். பூட்டைப் பற்றிய அந்தக் கெர்னல் குறிப்புரை செய்ததும் அதுவேதான்.

இறையனார் களவியல் உரை சொல்லும் கதையை நாம் அறிவோம். அறுபது நூற்பாக்களும் கையில் கிடைத்துவிட்டன; ஆயினும் பொருள் தெரியாமல் சங்கப் புலவர்கள் தவித்தனர். ஆளுக்கோர் உரை எழுதினர். எது மெய்யுரை என்று அறிய, வாய் பேசாத சிறுவன் உருத்திரசன்மனை அமர்த்தி ஒவ்வோர் உரையாகப் படித்தனர். நக்கீரர் உரை கேட்டபோது சொல்தோறும் அவன் கண்ணீர் வார்ந்தது என்பது கதை. மூலம் கையில் இருப்பது வேறு, அது விளங்குவது வேறு என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? மெய்யுரைக்கு நடுவனாக ஒரு சிறுவனை வைத்தார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கெர்னல் போன்ற உலகப் பொதுப் பணியில் குறிப்புரைகள் ஆங்கிலத்தில் இருப்பது முறையே. பல நாட்டவர் கூடிச் செய்யும் வேலைக்குப் பொதுமொழி ஒன்று வேண்டும். நம் பிள்ளைகள் அதையும் கற்கட்டும். ஆனால் அதே லினக்ஸ் கெர்னலின் ஆவணத் தொகுப்பில் சீனம், சப்பானியம், கொரியம், இத்தாலியம், இசுபானியம் ஆகிய மொழிபெயர்ப்புகளுக்கு இடம் உண்டு. அவர்கள் தம் மொழியில் இயலாது என்று சிரிக்கவில்லை, அமர்ந்து எழுதினார்கள். தமிழுக்கென ஓர் அடைவு அங்கே நான் காணவில்லை. அது மொழியின் குறையா, நம் சோம்பலின் குறையா?

மலேசியத் தமிழர் இந்தக் கேள்விக்குக் கூச வேண்டியவர்களும் அல்லர். முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கியது இந்த மண்ணில். 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது, தமிழில் அறிவியல் இயலாது என்ற அதே பேச்சைக் கேட்டோம். 2009-இல் அத்திட்டத்தைக் கைவிட அரசாங்கம் முடிவு செய்தது. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் நம் வீட்டுக் கூடத்தைவிட்டு வெளியேறவில்லை.

பத்து வயதுப் பிள்ளை ஏன் தமிழில் எழுதவேண்டும்? விளங்காததை மறைக்க முடியாத மொழி அவனுக்கு அது ஒன்றுதான். ஆங்கிலத்தில் எங்கிருந்தோ ஒரு வாக்கியத்தைப் படியெடுத்து ஒட்டிவிடலாம். தாய்மொழியில் எழுதச் சொன்னால் அவன் யோசித்தே ஆகவேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் நிரல் வந்து விழுகிறது. குறிப்புரையும் சேர்ந்தே வருகிறது. ஆகையால், நிரல் ஓடுகிறது என்பது இனி மாணவன் கற்றதற்குச் சான்று ஆகாது. நம் வகுப்பில் மாணவன் தன் குறிப்புரையை எழுதிய பிறகு, எழுந்து நின்று அதை வாயால் விளக்கவும் வேண்டும். அங்கே எந்த இயந்திரமும் அவனுக்கு உதவாது.

ஜொகூரில் இருந்துகொண்டு இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. குலாயிலும் செடெனாக்கிலும் நூசாஜெயாவிலும் தரவு மையங்கள் அடுத்தடுத்து எழுகின்றன. குலாயில் வொய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா எழுந்த நிலம் முன்பு எண்ணெய்ப்பனைத் தோட்டம். 2023 டிசம்பரில் அந்நிறுவனம் என்விடியாவுடன் இணைந்து செயற்கை நுண்ணறிவுக் கட்டமைப்பு அமைக்கப்போவதாக அறிவித்தது. ஜொகூர்த் தோட்டங்களில் நம் பாட்டன்மார் பால்மரம் சீவினர், பனங்குலை வெட்டினர். தோட்டத்து ஓரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி இருந்தது. மரத்தை எப்படிச் சீவுவது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இடமில்லை. இன்று அதே மண்ணில் கணினிகள் வரிசை வரிசையாக நின்று நொடிதோறும் பக்கப் பிழைகளைத் தீர்த்துக்கொண்டிருக்கின்றன. அக்கட்டடங்களுக்குள் நம் பிள்ளைகள் வாயிற்காவலராக மட்டுமே போகப் போகிறார்களா, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கத் தெரிந்தவர்களாகப் போகப் போகிறார்களா? 'எப்படி' மட்டும் தெரிந்தவனுக்கு எப்போதும் ஒரு மேலாளர் இருப்பான்.

ஆகவே எங்கள் விதி நீடிக்கும். ஆனால் அந்தத் தந்தையாரின் கண்டிப்பில் உள்ள நியாயத்தையும் ஏற்று அதைத் திருத்தியிருக்கிறோம். வரிக்கு வரி குறிப்புரை வேண்டாம். பகுதிக்கு ஒன்று போதும். நிரலை மாற்றினால் குறிப்புரையையும் மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் மதிப்பெண் குறையும். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதினால் மதிப்பெண் குறையாது. ஆசிரியர்கள் இதைத் தத்தம் பள்ளிகளில் செய்து பாருங்கள். பெற்றோர்கள் வீட்டில் ஒன்று செய்யுங்கள். பிள்ளை நிரலை ஓட்டிக் காட்டும்போது "அருமை" என்பதோடு நிறுத்தாமல், "இந்த இடத்தில் ஏன் இப்படி எழுதினாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்களுக்கு நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நூல்நிலையக் கதையைக் கேட்ட ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, சென்ற சனிக்கிழமை தன் வினாடி வினா நிரலில் எழுதிய குறிப்புரையுடன் முடிக்கிறேன். விடைப் பெட்டி வெறுமையாக இருக்கும்போது என்ன செய்வது என்னும் பகுதிக்கு மேலே அவள் எழுதியது இது:

"விடை எழுதாமல் பொத்தானை அழுத்தினால் 'தவறு' என்று சொல்லக்கூடாது. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கலாம். அதனால் மறுபடியும் கேட்கிறேன். மூன்று முறைக்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை."

ஐயா, அடுத்த கூட்டத்திற்கு அவசியம் வாருங்கள். அந்த மூன்று முறைக்குப் பிறகு என்ன செய்யலாம் என்று அவளுக்கு நீங்களே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் கேட்பாள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன், ஜொகூர்